வெயில் ஏறினால் திரும்பி வரும் பால் வாடை: காரை விட்டுப் போகாத நாற்றத்தைப் போக்குவது எப்படி?

கேள்வி: பின்சீட்டில் குழந்தையின் பால் பாட்டில் கவிழ்ந்து ஒரு மாதம் ஆகிறது. அன்றே துடைத்துவிட்டோம். பிறகு ஷாம்பு போட்டுக் கழுவினோம், பேக்கிங் சோடா தூவினோம், பெர்ஃப்யூமை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். காலையில் ஒன்றும் தெரிவதில்லை. வெயிலில் நிறுத்திவிட்டு வந்து கதவைத் திறந்தால் புளித்த நாற்றம் முகத்தில் அடிக்கிறது. ஏசி போட்டவுடன் வேறு மாதிரியான ஓர் ஈர வாடையும் வருகிறது. ஓசோன் வாயு அடித்தால் எல்லாம் போய்விடும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: ஓசோன் இப்போது வேண்டாம். நாற்றத்துக்குக் காரணமான பொருள் சீட்டுக்குள் இருக்கும்வரை ஓசோன் அடிப்பது வீண். சில நாள் நன்றாக இருக்கும், பிறகு அதே வாடை திரும்பிவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள்: நீங்கள் எழுதியிருப்பது இரண்டு நாற்றங்களைப் பற்றி. வெயிலில் எழும் புளிப்பு சீட்டிலிருந்து வருகிறது. ஏசி போட்டதும் வரும் ஈர வாடை டேஷ்போர்டுக்குள்ளிருந்து வருகிறது. இரண்டுக்கும் ஒரே மருந்தைத் தேடியதால்தான் இத்தனை நாள் அலைந்திருக்கிறீர்கள்.

முதலில் பாலைப் பார்ப்போம். கொட்டிய பாலில் தண்ணீர் மட்டும்தான் காய்ந்து போகும். கொழுப்பும் புரதமும் பால் சர்க்கரையும் சீட்டின் ஃபோமுக்குள் தங்கிவிடும். நுண்ணுயிரிகள் அந்தச் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றும். கொழுப்பு சிதையும்போது பியூட்டிரிக் அமிலம் உண்டாகும். கெட்டுப்போன வெண்ணெயிலும் வாந்தியிலும் மூக்கைத் துளைப்பது இதே அமிலம்தான். துளி அளவு இருந்தாலும் மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். குளிர்ந்த நேரத்தில் ஃபோமுக்குள் அடங்கிக் கிடக்கும் இது, மூடிய கார் வெயிலில் சூடேறியதும் ஆவியாகி வெளியே வருகிறது. காலையில் தெரியாத நாற்றம் மதியத்தில் தெரிவது இதனால்தான்.

நீங்கள் துடைத்தது சீட்டின் மேலுறையை. பால் அதற்குள் கீழே இறங்கியிருக்கும். ஷாம்பு போட்டுக் கழுவிய தண்ணீரை இயந்திரம் வைத்து உறிஞ்சி எடுக்காமல் விட்டிருந்தால், மிச்சமிருந்த பாலையும் அது ஆழத்துக்கு இறக்கியிருக்கும். பேக்கிங் சோடாவைக் குறை சொல்ல மாட்டேன். அது அமில வாடையை மட்டுப்படுத்தக்கூடியதுதான். ஆனால் தான் தொடும் இடத்தில் மட்டுமே வேலை செய்யும். மேலே தூவிய தூள் ஃபோமின் அடிவரை போவதில்லை.

பெர்ஃப்யூமை இன்றே எடுத்துவிடுங்கள். அது நாற்றத்தை மறைக்கிறதே தவிர நீக்குவதில்லை. புளிப்பும் வாசனையும் கலந்து வருவது தனி நாற்றத்தைவிட மோசமாக இருக்கும். பலருக்குத் தலைவலியும் குமட்டலும் வரும். அந்தப் பின்சீட்டில் தினமும் உட்கார்வது ஒரு குழந்தை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். மேலும், பெர்ஃப்யூம் இருக்கும்வரை நாற்றம் எங்கிருந்து வருகிறது என்பதை உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது.

கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையில் பாதி. நம் மூக்கு ஒரே வாடையில் சில நிமிடம் இருந்தாலே அதற்குப் பழகிவிடும். அதனால் காரை ஒரு மணி நேரம் வெயிலில் மூடி வைத்துவிட்டு, அந்தக் காரில் அடிக்கடி வராத ஒருவரைக் கூப்பிட்டு முகரச் சொல்லுங்கள். ஒவ்வொரு கதவாகத் திறந்து சீட்டின் மேல்பகுதி, சீட்டும் முதுகுச்சாய்வும் சேரும் இடுக்கு, சீட் பெல்ட் பூட்டும் இடம், காலடிக் கார்பெட் என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். சந்தேகமான இடத்தில் ஈரமான வெள்ளைத் துணியை வைத்து உள்ளங்கையால் பலமாக அழுத்தி எடுத்து, துணியை வெளியே கொண்டுபோய் முகர்ந்தால் தெளிவாகத் தெரியும்.

பால் பெரும்பாலும் கொட்டிய இடத்திலேயே நிற்பதில்லை. சீட் இடுக்கு வழியாக வழிந்து, சீட்டுக்கு அடியில் இருக்கும் தகட்டிலும், கார்பெட்டுக்குக் கீழே ஒட்டியிருக்கும் தடித்த பஞ்சு அடுக்கிலும் சேர்ந்துவிடும். பல கார்களில் பின்சீட்டின் அமரும் பகுதி கிளிப்பிலோ ஓரிரு போல்ட்டிலோதான் நிற்கிறது. காருடன் வந்த கையேட்டைப் பார்த்து நீங்களே கழற்றலாம். முன்சீட்டை மட்டும் நீங்களாகக் கழற்றாதீர்கள். அதன் அடியில் ஏர்பேக், சீட் பெல்ட் சம்பந்தமான வயர்கள் போகின்றன. மஞ்சள் நிறக் கனெக்டர் எங்கே தென்பட்டாலும் கையை எடுத்துவிட்டு மெக்கானிக்கிடம் விடுவதுதான் சரி. சீட்டுக்குள் ஹீட்டரோ சென்சாரோ உள்ள கார் என்றால் பின்சீட்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இடம் தெரிந்த பிறகு, முதலில் பழைய பேக்கிங் சோடாவை வேக்யூம் கிளீனரால் முழுதும் எடுத்துவிடுங்கள். அடுத்து தேவைப்படுவது என்சைம் கிளீனர். செல்லப்பிராணிகளின் கறைக்கென்று விற்கும் திரவங்களில் பல இந்த வகைதான். லேபிளில் புரதத்தைச் சிதைக்கும் புரோட்டியேஸ், கொழுப்பைச் சிதைக்கும் லிப்பேஸ் இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பால் விஷயத்தில் இரண்டும் வேண்டும். மறைவான ஓர் ஓரத்தில் துளி விட்டு, துணியின் நிறம் போகவில்லை என்று உறுதிசெய்துகொண்டு தொடங்குங்கள். லெதர் சீட் என்றால் அதற்கு ஏற்றதா என்பதையும் லேபிளிலேயே பார்த்துவிட வேண்டும்.

பெரும்பாலானோர் கோட்டை விடுவது அளவிலும் நேரத்திலும்தான். மேலாகத் தெளித்துத் துடைத்தால் பயன் இல்லை. பால் எவ்வளவு ஆழம் போனதோ அவ்வளவு ஆழத்துக்குத் திரவமும் போக வேண்டும். ஃபோம் நனைய ஊற்றுங்கள். என்சைம் ஈரம் இருக்கும்வரைதான் வேலை செய்யும் என்பதால் மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடி, லேபிளில் சொன்ன நேரம் முழுவதும் விட்டுவிடுங்கள். பழைய கறைக்குப் பல மணி நேரம் பிடிக்கலாம். கொதிநீரோ ஸ்டீமோ வேண்டவே வேண்டாம்: சூட்டில் பால் புரதம் இறுகித் துணியோடு ஒட்டிக்கொள்ளும், என்சைமும் செயலிழக்கும். பிளீச், கிருமிநாசினி எதையும் கூடவே சேர்க்கக் கூடாது. அவையும் என்சைமைக் கெடுத்துவிடும். சீட் பெல்ட் பட்டையில் பால் பட்டிருந்தால் மிதமான சோப்புத் தண்ணீர் மட்டும் போதும். பிளீச் போன்ற ரசாயனம் அதன் இழையைப் பலவீனப்படுத்தும், விபத்து நேரத்தில் உயிரைக் காக்க வேண்டிய பட்டை அது. குழந்தை சீட்டின் பட்டைகளுக்கும் அப்படியே. அதன் துணி உறையைக் கழற்றித் துவைக்கும் முறை கையேட்டில் இருக்கும்.

நேரம் முடிந்ததும் சுத்தமான தண்ணீர் சிறிது விட்டு, ஈரத்தை உறிஞ்சும் வேக்யூமால் இழுத்து எடுங்கள். வெளிவரும் தண்ணீர் தெளியும்வரை திரும்பச் செய்ய வேண்டும். பிறகு காய வைப்பது. இதில் சோம்பல் கூடாது. நனைந்த ஃபோம் 48 மணி நேரத்துக்கு மேல் ஈரமாகவே கிடந்தால் பூஞ்சை பிடித்துவிடும், ஒரு நாற்றத்தைப் போக்கி இன்னொன்றை வரவழைத்த கதையாகிவிடும். கழற்றிய சீட்டைக் காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி வைத்து, காருக்குள் கார்பெட்டைத் தூக்கி முட்டுக் கொடுத்து, ஃபேன் போட்டுவிடுங்கள். மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும், அழுத்திப் பார்த்து உள்ளே ஈரம் இல்லை என்று தெரிந்த பிறகே சீட்டைப் பொருத்துங்கள்.

இனி ஏசிக்கு வருவோம். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் குளிர்ந்ததும் காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் தண்ணீராகப் படியும். காரை அணைத்த பிறகு அந்த இருட்டான, ஈரமான இடத்தில் தூசியோடு சேர்ந்து பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர்கின்றன. அடுத்த முறை ஏசி போட்டதும் வரும் முதல் காற்று அந்த வாடையைச் சுமந்து வருகிறது.

காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பல கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால்தான் இருக்கும். கறுத்துப்போய், இலைத் துணுக்குகள் அடைத்திருந்தால் புதிது போட வேண்டும். 15,000 கிலோமீட்டர் அல்லது ஓர் ஆண்டு, எது முந்துகிறதோ அப்போது மாற்றிவிடுவது நல்ல பழக்கம். புதியதில் காற்று போகும் திசைக்கு அம்புக்குறி இருக்கும், அதைத் தலைகீழாகப் பொருத்திவிடாதீர்கள். அடுத்து, ஈரப்பதமான நாளில் ஏசியைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டவில்லை என்றால் வடிகுழாய் அடைத்திருக்கலாம். அந்தத் தண்ணீர் முன்பக்கக் காலடிக் கார்பெட்டுக்குள் இறங்கி நாறும். காயிலைச் சுத்தம் செய்ய அதற்கென்றே ஃபோம் ஸ்பிரே உண்டு. சரியான வழியாக அடிக்காவிட்டால் புளோயர் மோட்டாரையும் வயர்களையும் நனைத்துவிடும் என்பதால் சர்வீஸில் செய்யச் சொல்வதே என் யோசனை.

அதற்குப் பிறகு ஒரு சின்னப் பழக்கம் போதும். போய்ச் சேர ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏசி பட்டனை மட்டும் அணைத்துவிட்டு, வெளிக்காற்று உள்ளே வரும்படி மாற்றி, ஃபேனை ஓடவிடுங்கள். காயில் உலர்ந்துவிடும். எப்போதும் உள்காற்றையே சுழலவிட்டு ஓட்டுபவர்களின் காரில் இந்த வாடை சீக்கிரம் வருகிறது.

உங்கள் பிரச்சினை இல்லாவிட்டாலும், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சில வார்த்தைகள். சிகரெட் நாற்றம் ஓரிடத்தில் இருக்காது. நிகோட்டினும் தாரும் கண்ணாடி, பிளாஸ்டிக், கூரைத் துணி எல்லாவற்றிலும் படலமாகப் படிந்திருக்கும். அத்தனையையும் துடைத்தாக வேண்டும். கூரைத் துணியை மட்டும் நனைக்காதீர்கள், பசை விட்டுத் தொங்கிவிடும். லேசாக ஈரமான துணியால் ஒற்றி எடுங்கள். சிறுநீருக்கும் என்சைம்தான்: அதிலுள்ள யூரிக் அமிலப் படிகங்கள் சாதாரண சோப்பில் சரியாகக் கரையாது, ஈரக் காற்று பட்டதும் மறுபடி நாறும். மழைக்குப் பிறகு மட்டும் மக்கிய வாடை வந்தால் கதவின் ரப்பர் பீடிங், சன்ரூஃப் வடிகுழாய், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளம் ஆகியவற்றைப் பாருங்கள். கசிவை அடைக்காமல் சீட்டைக் கழுவிப் பயனில்லை. எலி செத்த நாற்றம் என்றால் கேபின் ஃபில்டர் இருக்கும் பகுதியில் தேடத் தொடங்கலாம். எச்சத்தைக் காய்ந்தபடியே பெருக்காமல், கையுறையும் முகக்கவசமும் அணிந்து, கிருமிநாசினியால் நனைத்து எடுக்க வேண்டும்.

சில வாடைகளைப் போக்க முயலவே கூடாது, காரை மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். இனிப்பான வாடையோடு முன்கண்ணாடியின் உட்புறம் பிசுபிசுப்பாக மங்கினால் ஹீட்டர் பகுதியில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கசிகிறது. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. அழுகிய முட்டை வாடை, அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகும் பேட்டரியாகவோ, எஞ்சின் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பழுதானதாகவோ இருக்கலாம். பெட்ரோல் வாடையோ வயர் கருகும் வாடையோ வந்தால் வண்டியை உடனே ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, எல்லோரும் இறங்கிவிடுங்கள். புகை வாடை உள்ளே வருகிறது என்றால் இன்னும் கவனம் தேவை: அதோடு சேர்ந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, ஆளைக் கொல்லும். கண்ணாடிகளை இறக்கி, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி இறங்குங்கள். சரிசெய்யும்வரை அந்தக் காரில் பயணம் வேண்டாம்.

ஓசோன் பற்றிக் கேட்டீர்கள். நாற்ற மூலக்கூறுகளை ஆக்சிஜனேற்றம் செய்து சிதைக்கும் வாயு அது; போலி இல்லை. சிகரெட் கார்களில், நன்றாகத் துடைத்த பிறகு மிஞ்சும் வாடைக்குப் பலன் தருவதுண்டு. ஆனால் அது எட்டுவது காற்றையும் மேற்பரப்பையும்தான். ஃபோமின் ஆழத்தில் உறைந்த பாலை ஒன்றும் செய்யாது. நுரையீரலை எரிச்சலூட்டும், ரப்பரை நாளடைவில் வெடிக்கச் செய்யும். எனவே அளவோடு, அனுபவமுள்ளவர் செய்ய வேண்டும். அந்த நேரத்தில் காருக்குள் ஆளோ பிராணியோ இருக்கக் கூடாது. முடிந்ததும் எல்லாக் கதவுகளையும் நன்றாகத் திறந்துவைத்து, வாயுவின் நெடி முழுதும் போன பிறகே ஏற வேண்டும்.

உங்கள் காருக்கு அது தேவைப்படாது என்றே நினைக்கிறேன். என்சைம் வேலை முடிந்து காய்ந்ததும், பெர்ஃப்யூம் எதுவும் வைக்காமல் ஒரு வாரம் வழக்கம்போல வெயிலில் நிறுத்திப் பாருங்கள். மெல்லிய வாடை மட்டும் மிஞ்சியிருந்தால் ஆக்டிவேட்டட் கரி வைத்த பை ஒன்றைச் சீட்டுக்கு அடியில் போடலாம். அதே இடத்திலிருந்து புளிப்பு இன்னும் வந்தால் என்சைமை இன்னொரு முறை செய்யுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் மேற்கொண்டு திரவம் எதையும் ஊற்றாமல், அந்தச் சீட்டின் ஃபோமையும் கார்பெட்டுக்கு அடியிலுள்ள பஞ்சையும் மாற்றச் சொல்லுங்கள். சீட் வேலை செய்பவர்கள் பழைய உறையைத் துவைத்துப் புது ஃபோமில் மாட்டித் தருவார்கள்.