முன்சாய்ந்த இறக்கை விமானம்: கதைக்கு வரைந்தாலும் கணக்கு வேண்டும்

கேள்வி: எதிர்காலக் கதை ஒன்றுக்காக இருவர் அமரும் மின்சார விமானம் வரைகிறேன். மூக்கருகே சிறிய இறக்கை, பின்னால் முன்னோக்கிச் சாய்ந்த பெரிய இறக்கை, கடைசியில் புரொப்பெல்லர். விவரம் அறிந்தவர் பார்த்தாலும் பறக்கும் என்று நம்ப, அளவுகளை எப்படி வைப்பது?

பதில்: பேட்டரியை மட்டும் கற்பனைக்கு விடுங்கள், மற்றவை இன்றைய கணக்கிலேயே நிற்கட்டும்.

எடை 600 கிலோ, பறக்கக்கூடிய குறைந்தபட்ச வேகம் மணிக்கு 90 கி.மீ. என்றால் இறக்கைப் பரப்பு சுமார் 12 சதுர மீட்டர் வேண்டும். முன்னிறக்கைக்கு 2 (4 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம்), பின்னிறக்கைக்கு 10 (நீளம் 10, அகலம் 1). இரண்டுக்கும் இடைவெளி 3 மீட்டர். இதை அந்தந்த இறக்கையின் முன்னோரத்திலிருந்து கால்பங்கு அகலம் தள்ளி அளக்க வேண்டும்.

இத்தகைய வரைபடங்கள் பெரும்பாலும் சறுக்குவது எடை மையத்தில்தான். முன்னிறக்கைக்கு 2.3 மீட்டர் பின்னே அதை வையுங்கள். அப்போது முன்னிறக்கை 140 கிலோவும் பின்னிறக்கை 460 கிலோவும் தாங்கும்; சதுர மீட்டருக்கு 70, 46. சுமை மிகுந்த முன்னிறக்கையே வேகம் குறையும்போது முதலில் ஸ்டால் ஆகும் (தூக்கும் விசையை இழக்கும்), மூக்கு தானே தாழும், வேகம் மீளும். அமெரிக்க விமான வடிவமைப்பாளர் பர்ட் ருட்டன் வடிவமைத்து 1975-இல் பறந்த வேரி-ஈஸி, 1979-இல் பறந்த லாங்-ஈஸி ஆகிய முன்னிறக்கை விமானங்கள் இந்த நுட்பத்தை நம்பியவை. மையம் 2.5 மீட்டரைத் தாண்டினால் சற்றே உயர்ந்த மூக்கு மேலும் மேலும் உயரும். பின்னிறக்கை முதலில் ஸ்டால் ஆகிவிட்டால் மீட்பது மிகக் கடினம்.

இருக்கைகள் முன்னிறக்கைக்கு 1.7 மீட்டர் பின்னே இருந்தால், இருவரும் இறங்கியதும் மையம் 20 செ.மீ.க்கு மேல் பின்னே நகரும். விமானம் புரொப்பெல்லர் மேல் சாயக்கூடும். லாங்-ஈஸியின் முன்சக்கரத்தை மடக்கி, மூக்கைத் தரையில் ஊன்றி நிறுத்துவது இதனால்தான். உங்கள் விமானத்தையும் அப்படியே நிறுத்தி வரையுங்கள். தெரிந்தவர் கண்ணில் அது உடனே படும்.

முன்சாய்வு 10 டிகிரி போதும். இந்த வேகத்தில் அதனால் வேக லாபம் இல்லை. இறக்கை உடலோடு சேரும் இடம் 44 செ.மீ. பின்னே போவதால் ஸ்பார் (இறக்கையைத் தாங்கும் நீள உத்தரம்) இருக்கைகளுக்குப் பின்னால் கடக்கும், அதுதான் லாபம். சாய்வு கூடினால் ஆபத்து: நுனி மேலே வளையும்போது முறுக்கிக்கொண்டு இன்னும் அதிகம் தூக்கும், இன்னும் வளையும், ஒடியும். 1984-இல் பறந்த எக்ஸ்-29 என்ற முன்சாய்ந்த இறக்கைச் சோதனை விமானம், கார்பன் ஃபைபர் அடுக்குகளைக் குறுக்குக் கோணத்தில் இட்டு இந்த முறுக்கை அடக்கியது.

நுனியில் நிமிர்ந்த துடுப்பு வைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். முன்னே வந்துவிட்ட நுனி எடை மையத்திலிருந்து கால் மீட்டர்தான் பின்னே இருக்கும். திசையைப் பிடித்து நிறுத்தாது. பின்னிறக்கையிலிருந்து இரு நீண்ட குழல்கள் நீட்டி, அவற்றின் முனையில் செங்குத்து வால்களை வையுங்கள். நடுவில் புரொப்பெல்லருக்கும் இடம் கிடைக்கும்.

பேட்டரி 150 கிலோ, எடை மையத்தருகே. கிலோவுக்கு 200 வாட்-மணி என்றால் 30 கிலோவாட் செலவில் ஒரு மணி நேரம் பறக்கலாம். கதையில் அதை 600 ஆக்குங்கள். மூன்று மணி நேரம்.

வரைந்து முடிக்குமுன் பத்தில் ஒரு பங்கு அளவில் தெர்மாகோல் மாதிரி செய்யுங்கள். முன்னிறக்கையின் முன்னோரம் பின்னிறக்கையைவிட 2 டிகிரி தூக்கலாக இருக்கட்டும். மூக்கில் நாணயம் ஒட்டி மையத்தை 23 செ.மீ.க்குக் கொண்டுவந்து மெல்ல எறியுங்கள். ஏறி ஏறி விழுந்தால் மூக்கில் எடை கூட்டுங்கள். நேரே குத்தினால் எடையைத் தொடாமல் முன்னிறக்கையை அரை டிகிரி உயர்த்துங்கள்.