கேள்வி பதில்: 03-04 என்றால் எந்த மாதம்?

கேள்வி: ஸ்பிங்க்ஸ் என்ற ஆவணம் தயாரிக்கும் கருவியில் எங்கள் மென்பொருளுக்குக் கையேடு தயாரிக்கிறோம். பக்கத்தின் அடியில் 'கடைசியாகப் புதுப்பித்த தேதி' வரவேண்டும், அதுவும் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில். என்ன செய்வது?

பதில்: அமைப்புக் கோப்பைத் (conf.py) திறந்து, பக்கத்தின் அடியில் வரும் புதுப்பிப்புத் தேதிக்கான வரியைத் (html_last_updated_fmt) தேடுங்கள், இல்லையென்றால் சேர்த்துக்கொள்ளுங்கள். இயல்பாக அது அணைந்தே இருக்கும், நீங்கள் ஒரு வடிவத்தை எழுதினால்தான் தேதி தெரியும். சதவீதக் குறியோடு சின்ன டி போட்டால் நாள், சின்ன எம் மாத எண், பெரிய ஒய் நான்கு இலக்க ஆண்டு, அவ்வளவுதான். ஆனால் சின்ன எம்முக்குப் பதில் பெரிய எம் போட்டுவிட்டால் மாதம் இருக்கவேண்டிய இடத்தில் நிமிடம் வந்து நிற்கும், பிழைச் செய்தியும் வராது, அதனால் பலருக்கு இது கண்ணிலேயே படுவதில்லை.

என்னைக் கேட்டால் மாதத்தைப் பெயராகவே போடுங்கள், அதற்குப் பெரிய பி. 03-04 என்பதை ஒருவர் ஏப்ரல் 3 என்று படிப்பார், இன்னொருவர் மார்ச் 4 என்பார். கையேட்டில் அந்தக் குழப்பம் வரவே கூடாது. மொழி அமைப்பைத் தமிழ் என்று வைத்தால் மாதப் பெயரும் தமிழிலேயே வரும். எண்தான் வேண்டுமென்றால் தேதி எழுதுவதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8601 சொல்கிறபடி ஆண்டு, மாதம், நாள் என்று எழுதுங்கள், யாரும் தவறாகப் படிக்க மாட்டார்கள்.

அப்புறம் ஒன்று, அங்கே வருவது கையேட்டைத் தொகுத்த நாள், அதாவது ஸ்பிங்க்ஸை ஓட்டிப் பக்கங்களை உருவாக்கிய நாள். அந்தப் பக்கத்தைத் திருத்திய நாள் வேண்டுமென்றால் கோப்புகளின் மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் கிட் (Git) கருவியின் வரலாற்றிலிருந்து எடுத்துத் தரும் நீட்சியைத் தனியாகச் சேர்க்கவேண்டும்.