பழைய காலச் சாயலில் நடக்கும் திருமணத்துக்கு எந்த வண்ணங்களைத் தேர்ந்தெடுப்பது?

திருமணம் நாகர்கோவிலில் நடக்கிறது, தாத்தா பாட்டி காலத்துச் சாயல் வேண்டும், வெளிர் ரோஜாவும் சாம்பலும் பழுப்பும் சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் அக்கா மகளின் திருமணத்துக்குத் துணி, பூ, விளக்கு ஆகியவற்றைத் தேர்வு செய்யும் பொறுப்பு என்னிடம் இருந்ததால், சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

அந்த மூன்று நிறங்களும் பழைய காலத்தின் நிறங்கள் அல்ல. பழைய புகைப்படங்களின் நிறங்கள். பழுப்பு, படத்தாளுக்கு வயதானதாலும் அதைக் கழுவிய வேதிமுறையாலும் வந்தது. அக்காலத்துப் படத்தகடுகளில் பல சிவப்பொளியை உணராதவை என்பதால், பாட்டி உடுத்திய அரக்குப் பட்டு படத்தில் ஏறக்குறைய கறுப்பாகவும், நீலம் வெளிறியும் பதிந்திருக்கும். ஆகவே ஆல்பத்தை மூடிவிட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். அரக்கு, மாம்பழ மஞ்சள், வாடாமல்லி, மயில்கழுத்து என்று அழுத்தமான நிறங்கள்தாம் அங்கே இருக்கும்.

நம் பகுதிக்கு இன்னொரு வசதியும் உண்டு. 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த மண் இது என்பதால் பட்டும் கசவும் (பொன்சரிகைக் கரை போட்ட கேரளத் துணி) இரண்டுமே நமக்குச் சொந்தம். திருவனந்தபுரத்துக்கு அருகிலுள்ள பலராமபுரத்துக் கைத்தறியையே இந்தப் பக்கத்திலிருந்து போன நெசவாளர்கள்தாம் தொடங்கினார்கள் என்பார்கள். எனவே வெளுக்காத நூலின் கோரா நிறத்தை அடித்தளமாக வைத்து, அதன்மேல் அரக்கை மட்டும் முதன்மை நிறமாக ஏற்றி, பொன்னிறத்தைக் கசவுக்கும் பித்தளை நிலவிளக்குக்கும் விட்டுவிடுங்கள். மினுமினுக்கும் தங்கத்தாள் வேண்டவே வேண்டாம். ஐயம் இருந்தால் ஒரு நாள் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய் வாருங்கள். சுண்ணாம்புச் சுவர், கரும்பழுப்பு மரம், செங்காவி ஓடு, பளபளக்கும் கறுத்த தரை என்று மிகச் சில நிறங்களே அவ்வளவு பெரிய கட்டடத்தை நிறைத்திருப்பதைக் காணலாம்.

கோரா நிறத்தில் ஒரு சிக்கல் உண்டு. பலர் இதைக் கவனிப்பதில்லை. மாப்பிள்ளை கோரா வேட்டிக்குமேல் பளிச்சென்ற வெள்ளைச் சட்டை அணிந்தால் வேட்டி அழுக்கேறியதுபோலத் தோன்றும். மணவறைத் திரைக்கும் மேசை விரிப்புக்கும் இதுவே விதி: வெளுத்த வெள்ளையையும் வெளுக்காததையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். மணப்பெண் நாகர்கோவில் வடசேரியில் செய்யப்படும் கோவில் நகைகளை அணிவதாக இருந்தால், அவற்றின் சிவப்புக் கல்லுக்கும் பச்சைக் கல்லுக்கும் அரக்கும் இலைப்பச்சையும் இயல்பாகவே பொருந்தும். வெளிர் ரோஜாவின் அருகில் அதே சிவப்பு உறுத்தலாகத் தெரியும் என்பது என் கருத்து.

பூவுக்குப் பக்கத்திலேயே தோவாளைப் பூச்சந்தை இருக்கையில் வேறெங்கும் போக வேண்டியதில்லை. பிச்சியும் துளசியும் அரளியும் போதும். கேந்தியை (செண்டுமல்லி) பந்தல் வாசலோடு நிறுத்திக்கொள்ளலாம், மணவறைக்குள் வந்தால் அதன் மஞ்சள் அரக்கை அமுக்கிவிடும். வாழைக்குலை தரும் பச்சைக்குமேல் தனியாகப் பச்சை தேவையில்லை.

நிறங்களை முடிவு செய்யுமுன் துணித்துண்டுகளை மண்டபத்துக்கே எடுத்துச் சென்று, முகூர்த்த நேரத்தில் அங்குள்ள வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். 6500 கெல்வின் (விளக்கொளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு; எண் கூடினால் நீலச்சாயல், குறைந்தால் மஞ்சள்சாயல்) வெண்ணொளி எரியும் மண்டபத்தில் கசவின் பொன் மங்கி, கோரா நீலம் பாரித்துத் தெரியும். மணவறையைச் சுற்றியாவது 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான விளக்குகளைப் போடச் சொல்லுங்கள்; துணிக்குச் செலவழிப்பதைவிட இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

அழைப்பிதழுக்குக் கோரா நிறத் தாளும் அரக்கு எழுத்தும் போதும். நான்கு மூலைகளிலும் எப்படியும் மஞ்சள் தடவப் போகிறீர்கள் என்பதால், அச்சில் மஞ்சள் ஓரக்கோடு வேண்டாம் என்று அச்சகத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.