எல்லாரும் சொன்னால் சரியாகிவிடுமா?

கேள்வி: காசா, உக்ரைன், செங்கடல் என்று இதழுக்கு இதழ் உலகச் செய்தி போடுகிறீர்கள். வடசென்னைக்காரனுக்கு அது எதற்கு? அப்புறம் கானாவுக்கு வேறு ஒரு பக்கம். கானா ரவுடிப் பாட்டு என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். அதற்குப் பதில் யூடியூபில் கோடிப் பேர் பார்க்கிற பாட்டைப் பற்றி எழுதலாமே. மக்கள் தீர்ப்பு தப்பாகுமா?
- வாசகர் ஒருவர், தண்டையார்பேட்டை

பதில்: தம்பி, நீங்கள் இருப்பது துறைமுகத்துக்குப் பக்கத்தில். உலகச் செய்தி நமக்கு எதற்கு என்று வேறு எந்த ஊர்க்காரர் கேட்டாலும் எனக்கு இவ்வளவு ஆச்சரியம் இருக்காது. 1914-ல் ஐரோப்பாவில் சண்டை ஆரம்பித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் என்கிற ஜெர்மன் கப்பல் இங்கே வந்து குண்டு போட்டு பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகளைக் கொளுத்திவிட்டுப் போனது. அது பழைய கதை என்றால் சரி, 2022-க்கு வாருங்கள். பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது, கச்சா எண்ணெய் விலை ஏறியது, ஏப்ரலில் சென்னையில் டீசல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியது. விசைப்படகைக் கடலுக்கு அனுப்ப ஆகும் செலவில் பெரும்பங்கு எதற்குப் போகிறது என்று காசிமேட்டில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். 2023 கடைசியில் ஏமனின் ஹூத்தி ஆயுதக் குழுவினர் செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்ததும் ஐரோப்பாவுக்குப் போகிற சரக்கில் பெரும்பகுதி சூயஸ் கால்வாயை விட்டு ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு போனது, பயணம் பத்து நாள் போல நீண்டது, கன்டெய்னர் வாடகை ஏறியது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் டிரெய்லர் ஓட்டுகிறவர்களிடம் செங்கடல் நமக்கெதற்கு என்று கேட்டுப் பாருங்கள்.

ஆனால் டீசலுக்காகவும் வாடகைக்காகவும் மட்டும் நான் அந்தப் பக்கத்தைப் போடவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கொசஸ்தலை ஆற்றில் கலந்து எண்ணூர் கழிமுகம் கறுத்துப்போனதே, படகும் வலையும் பாழாகி சனங்கள் கையில் பிசுக்கோடு நின்றார்களே, அதே மாதம் 26-ம் தேதி ராத்திரி பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்களே, அப்போது தென்சென்னையில் ஒருவர் "எண்ணூர் சங்கதி எனக்கெதுக்கு" என்று பக்கத்தைப் புரட்டியிருந்தால் உங்களுக்குக் கோபம் வருமா வராதா? எனக்கு வரும். காசாவில் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிற ஒரு அம்மாவைப் பற்றி நீங்கள் கேட்பதும் அதே கேள்விதான். அந்தப் பக்கம் தொடரும்.

இப்போது "எல்லாரும்" என்பதற்கு வருகிறேன், உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அதுதான். 2024 ஜூன் 1 சாயங்காலம் டிவியில் வந்த கருத்துக்கணிப்புகள் பலவும் பாஜக கூட்டணிக்கு 350-க்கு மேல் என்றன, மூன்று நாள் ஊரே அதைத்தான் பேசியது. நாலாம் தேதி எண்ணினால் கூட்டணிக்கு 293, அந்தக் கட்சிக்குத் தனியாக 240. மக்கள் தீர்ப்பு என்பது பெட்டிக்குள் இருந்தது. டீக்கடையிலும் டிவியிலும் ஓடியது மக்கள் இப்படி நினைப்பார்கள் என்று வேறு யாரோ நினைத்தது. கானாவைப் பற்றி நீங்கள் சொல்வதும் இந்த இரண்டாவது வகை. எல்லாரும் என்றால் யார்? அதில் எத்தனை பேர் புளியந்தோப்பிலோ வியாசர்பாடியிலோ ஒரு சாவு வீட்டில் ராத்திரி உட்கார்ந்து மரண கானா கேட்டிருப்பார்கள்? செத்தவர் என்ன வேலை பார்த்தார், யாரை வளர்த்தார், யாரோடு சண்டை போட்டார், பிள்ளைகளுக்கு என்ன விட்டுப் போனார் என்று வீட்டு ஆட்களிடம் கேட்டுக்கொண்டு வந்து, அந்த ஒரு மனிதருக்காக அங்கேயே வரி கட்டிப் பாடுவார்கள். எந்தப் பத்திரிகையும் இரங்கல் எழுதாத மூட்டை தூக்கியவருக்கும் மீன் விற்ற ஆயாவுக்கும் எழுதப்பட்ட இரங்கல் அது. எனக்கு நம் ஊரின் வரலாறே அந்தப் பாட்டுகளில்தான் இருக்கிறது, அதில் பாதிக்கு மேல் யாரும் பதிவு செய்யாமலே போய்விட்டது என்கிற வருத்தத்தில்தான் அந்தப் பக்கத்தையே ஆரம்பித்தேன்.

2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்கிற இசைக்குழு முதல்முறையாக மேடை ஏறியபோது, கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில் சாதியைப் பெயர் சொல்லி எதிர்த்தன. அதில் பாடிய இசைவாணி நம்ம ராயபுரம். பெரும்பாலும் ஆண்களே பாடிக்கொண்டிருந்த இடத்தில் நின்று பாடியவர், 2020-ல் பிபிசி தேர்ந்தெடுத்த நூறு பெண்களில் ஒருவர். பிபிசி சொன்னதால் அவர் நன்றாகப் பாடுகிறார் என்று நான் சொல்ல வரவில்லை, அதற்கு முன்பும் நன்றாகத்தான் பாடினார்.

கத்தியைப் புகழ்கிற, பெண்களைக் கேவலமாகப் பேசுகிற கானாக்கள் இல்லையா என்றால், இருக்கின்றன. எனக்கு அவை பிடிக்காது, நம் பக்கத்தில் போட மாட்டேன். ஆனால் அதே கேவலம் சினிமாப் பாட்டில் வந்தால் எழுதியவரை மட்டும் திட்டுகிறீர்கள், கானாவில் வந்தால் ஒரு ஏரியாவையே ரவுடி என்கிறீர்கள். நீங்களும் அதே ஏரியாதானே தம்பி?

கோடிப் பார்வைக் கணக்கையும் நான் ஒதுக்கவில்லை. 2021-ல் ராப் பாடகர் அறிவு எழுதி, பாடகி தீயோடு சேர்ந்து பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி'யைக் கோடிக்கணக்கில் பார்த்தார்கள், நானும் பலமுறை கேட்டேன். அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா என்கிற இசைப் பத்திரிகையின் அட்டையில் தீயின் படம் வந்தது, அறிவின் படம் இல்லை. பா. ரஞ்சித் உட்படப் பலர் கேட்ட பிறகுதான் அறிவுக்கென்று ஒரு அட்டை வந்தது. பாட்டைப் பார்த்தவர்கள் கோடி, எழுதியவர் எங்கே என்று கேட்டவர்கள் அதில் கொஞ்சம் பேர்தான், அந்தக் கொஞ்சம் பேர் கேட்டதால்தான் நியாயம் கிடைத்தது. கூட்டம் ஒரு பாட்டை ஊரெல்லாம் கொண்டுபோகும், சரி. பாட்டு எப்படி இருக்கிறது என்பதை உங்கள் காதுதான் சொல்ல வேண்டும்.

ஆகையால் இரண்டு பக்கமும் இருக்கும். உங்களுக்குக் கானா பிடிக்காமல் இருக்கலாம், அது உங்கள் உரிமை. எந்தப் பாட்டு, எந்த வரி, ஏன் பிடிக்கவில்லை என்று நீங்களே கேட்டுவிட்டு எழுதி அனுப்புங்கள், ஒரு வரி வெட்டாமல் அந்தக் கானா பக்கத்திலேயே போடுகிறேன். "எல்லாரும் சொல்கிறார்கள்" என்று ஆரம்பிக்காதீர்கள், அது போதும்.