அந்தக் கைய அழிக்கச் சொன்னது யாரு?

கேள்வி: எங்க அப்பா ரிட்டயர்ட் மாஜிஸ்ட்ரேட், பாலக்காடு ஜில்லாவுல பல கோர்ட்ல இருந்தவர், கண்டிப்புக்குப் பேர் போனவர். அடுத்த மாசம் சதாபிஷேகம். எர்ணாகுளம், திருவனந்தபுரத்துலேருந்து பழைய வக்கீலுங்க, ஜட்ஜுங்கல்லாம் வர்றதால விழா மலர் இங்கிலீஷ்ல போடறோம், அப்பாவப் பத்தின பக்கம் என் பொறுப்பு. ஸ்டெர்ன், ஸ்ட்ரிக்ட், சிவியர், ஹார்ஷ், இதுல எது மரியாதையா இருக்கும்? முதலமடையிலேருந்து கோர்ட்ல கேஸ் இருந்த ஒரு கட்சிக்காரர் அனுப்பின மாம்பழக் கூடைய வாசல்லயே திருப்பி விட்டது, எங்க தாய்மாமா கேஸ் தன் கோர்ட்டுக்கு வந்தப்போ நான் கேக்க மாட்டேன்னு வேற கோர்ட்டுக்கு மாத்த வெச்சது, ரெண்டும் எழுதியிருக்கேன். போட்டோவும் ரெடி. பழைய குடும்பப் போட்டோல அக்காவ மட்டும் க்ராப் பண்ணிட்டோம் (2009ல ஒலவக்கோட்டு மலையாளிப் பையனோட ரிஜிஸ்டர் மேரேஜ் பண்ணிட்டுப் போனவ, அன்னையிலேருந்து அப்பா அவ பேரெடுக்கறதில்ல). அம்மா தோள்ல அவ கை மட்டும் நிக்குது, ஸ்டுடியோக்காரர் அதயும் அழிச்சுத் தர்றேன்னிருக்கார். நல்ல வார்த்தையா ஒண்ணு சொல்லுங்க.
– பேர் வேண்டாம், கொழிஞ்சாம்பாறை

பதில்: வார்த்தைய மொதல்ல முடிச்சுடறேன் தம்பி, அது சின்ன வேலை. ஸ்ட்ரிக்ட்னா ரூல விடாதவர், வாய்தாவுக்கு லேட்டா வந்தா வக்கீலையே நிக்க வெச்சுக் கேள்வி கேக்கறவர், ஆனா டிரில் மாஸ்டருக்கும் அதத்தான் சொல்றோம், ஒரு ஜட்ஜுக்கு அது கொஞ்சம் சின்னச் சட்டை. ஸ்டெர்ன்ங்கறது முகம், குரல், சேர்ல உக்காந்திருக்கற விதம், உள்ள ஈரம் இருக்கலாம் இல்லாமலும் இருக்கலாம், அத அந்த வார்த்தை சொல்லாது. சிவியர்னா குடுத்த தண்டனை ஓவர்ங்கற மாதிரி போயிடும், ஹார்ஷ் திட்டேதான், ரெண்டும் வேண்டாம். பழைய ஃப்ரெண்டு யாராச்சும் ஜோக்குக்கு ஹேங்கிங் ஜட்ஜ்னு போடலாம்னா கேக்காத. 1685ல இங்கிலாந்துல ஜெஃப்ரீஸ்னு ஒரு ஜட்ஜ், ராஜாவுக்கு எதிரா கலகம் பண்ணினவங்கள கூட்டங்கூட்டமா தூக்குக்கு அனுப்பினான், அந்த மாதிரி ஆளுங்களச் சொல்ற பேரு அது, அவனே கடைசியில லண்டன் டவர்ல கைதியாத்தான் செத்தான். ட்ரக்கோனியன்னா ஏதென்ஸ்ல டிராக்கோன்னு ஒருத்தர் சின்னத் திருட்டுக்கும் மரண தண்டனைன்னு சட்டம் போட்டார்னு சொல்வாங்க, அதுலேருந்து வந்தது, சட்டத்தத் திட்டறதுக்குத்தான் ஆகும். ஃபர்ம் பட் ஃபேர் எல்லா ரிட்டயர்மென்ட் மலர்லயும் இருக்கு, தயவுசெஞ்சு விட்டுடு. மாம்பழக் கூடைக்கு அப்ரைட்னு ஒரு வார்த்தை வெக்கலாம், அது கூட வேண்டாம், கூடை வந்ததையும் போனதையும் மட்டும் எழுது, படிக்கறவனுக்குப் புரியும்.

இப்ப அந்தக் கைக்கு வர்றேன்.

நாலு இங்கிலீஷ் வார்த்தைக்கு அவ்வளவு யோசிச்ச நீ கூடப்பொறந்தவளுக்கு ஒரு அடைப்புக்குறி குடுத்திருக்க. க்ராப் பண்ணச் சொன்னது யாரு? லெட்டர திருப்பித் திருப்பிப் படிச்சுட்டேன், அப்பா சொன்னார்னு ஒரு எடத்துலயும் இல்ல, "பண்ணிட்டோம்"னுதான் இருக்கு. அவர் பேரெடுக்கறதில்ல, சரி. போட்டோவ வெட்டுன்னு சொன்னாரா? அவர் கேக்காமயே, கேட்டா என்ன சொல்வாரோன்னு நீயா பயந்து, அவருக்கு முன்னாடி ஓடிப்போய் அவர் கோவத்த நீ நிறைவேத்தியிருக்க.

இந்த மாதிரி லெட்டர் எனக்குப் புதுசில்ல. அறுபதாம் கல்யாணம், புதுவீடு, காதுகுத்துன்னு எதாச்சும் விசேஷம் வரும், வீட்ல ஒருத்தரக் கூப்பிடாம விட்டிருப்பாங்க, ஆனா எனக்கு வர்ற கேள்வி பத்திரிக்கைக்கு மஞ்சள் அட்டையா சிவப்பு அட்டையான்னு இருக்கும். மலையாளிப் பையன்னு வேற அழுத்தி எழுதியிருக்க. தமிழ்நாட்டு எல்லையோரம் வேலந்தாவளத்துலேருந்து மீனாட்சிபுரம் வரைக்கும் டிக்கெட் வாங்கறது ஒரு பாஷை, சண்டை போடறது ஒரு பாஷைன்னு வாழற ஊரு நம்முளுது. உங்கப்பா வாழ்நாள் பூரா மலையாளத்துல சாட்சி கேட்டு சம்பளம் வாங்கினவர்.

நீ பெருமையா எழுதின தாய்மாமா கேஸையே எடுத்துக்குவோம். தனக்கு சம்பந்தமுள்ள கேஸ ஒரு ஜட்ஜோ மாஜிஸ்ட்ரேட்டோ விசாரிக்கக் கூடாதுன்னு 1973 சிஆர்பிசியில, அதாவது கிரிமினல் நடைமுறைச் சட்டத்துல, 479னு பிரிவே இருந்துச்சு. மச்சினன் கேஸ் அதுக்குள்ள வருமா வராதான்னு வக்கீலுங்க வாதாடிக்கலாம், உங்கப்பா வாதாடல, ஒதுங்கிட்டார், பெரிய மனுஷன். அதே மனுஷன் சொந்தப் பொண்ணு கேஸ மட்டும் வேற எந்த பெஞ்சுக்கும் விடல. சம்மன் போச்சா? அவ பக்கத்தச் சொல்ல ஒரு வாய்தா குடுத்தாரா? சுத்த எக்ஸ்பார்ட்டி, எதிர்ப்பக்கத்தக் கேக்காமயே தீர்ப்பு. கோர்ட்ல எக்ஸ்பார்ட்டி டிக்ரி ஆனா கூட சம்மன் வரலன்னு காட்டி அத ரத்து பண்ணுங்கன்னு செட் அசைட் கேக்கலாம், அதுக்கு 30 நாள், அதுவும் தாண்டிப்போச்சுன்னா காரணம் சொல்லி டிலேய மன்னிங்கன்னு தனியா மனு போடலாம், அவ்வளவு எறக்கம் அங்க இருக்கு. இன்னொண்ணும் இருக்கு. சாதாரண சிவில் டிக்ரிய 12 வருஷத்துக்குள்ள எக்ஸிக்யூஷன் போட்டு நிறைவேத்திக்கணும், 1963 லிமிட்டேஷன் ஆக்ட்ல 136ஆவது ஆர்ட்டிகிள், உங்கப்பாவுக்குத் தூக்கத்துல கேட்டாலும் தெரியும். 2009ல உங்க வீட்ல ஆன டிக்ரி 2021லயே காலாவதி. அதுக்கப்புறமும் கோர்ட் உத்தரவ நிறைவேத்தற ஆமீன் மாதிரி ஒருத்தர் கத்தரிக்கோலோட சுத்திட்டிருக்கார்னா அது நீதான், ஸ்டுடியோக்காரர் உனக்கு எடுபிடி.

அந்தக் கைய அழிச்சா அங்க என்ன வரும்னு அவர்கிட்ட கேட்டியா? பக்கத்துல இருக்கற புடவைய எடுத்து மேல ஒட்டுவார். கைதேர்ந்தவர்னா கொசுவம் கூட ஒழுங்கா சேரும், உன் விருந்தாளி ஒருத்தருக்கும் தெரியாது. உங்கம்மாவுக்குத் தெரியும். அது எந்தப் புடவை, அன்னிக்கு யார் எங்க நின்னா, போட்டோக்காரர் சிரிங்கன்னப்போ மூத்தவ எந்தத் தோளப் புடிச்சான்னு எல்லாம் தெரியும். மேடையில மொதல் காப்பி அவங்க கையிலதான் குடுப்பீங்க, கேமராவப் பாக்கச் சொல்வீங்க. இவ்வளவு நீள லெட்டர்ல அம்மாவப் பத்தி நீ எழுதினது அந்தத் தோள் மட்டும்தான், அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டதா கூட இல்ல.

எனக்கு இதுல ரெண்டு பேச்சு கெடையாது. பெத்தவர் கோவம் பெத்தவரோடது, அத தம்பி குத்தகைக்கு எடுக்கக் கூடாது. அவர் பொண்ணுகிட்ட பேசலன்னா அது அவங்க ரெண்டு பேர் பாடு, உனக்கு அவ என்ன பண்ணினா? தாய்மாமன்னு நமக்கு ஒரு எடம் இருக்கு, சீர்த் தட்டு தூக்கறது, காதுகுத்துக்கு மடி குடுக்கறதுன்னு முன்னாடி நிக்க வேண்டியவன் நீ. அக்காவுக்குப் புள்ளைங்க இருக்கா, என்ன பேரு, எந்த க்ளாஸ், எதாச்சும் தெரியுமா? கொழிஞ்சாம்பாறையிலேருந்து ஒலவக்கோடு பாலக்காட்டுல எறங்கி இன்னொரு பஸ், அவ்வளவுதான். அத்தன வருஷத்துல உனக்கு அந்தப் பஸ் கெடைக்கல.

அப்பாவுக்கு எண்பது வயசு, பிபி, விசேஷ நாள்ல எதுக்குங்க வம்புன்னு அடுத்த லெட்டர் போடுவ, தெரியும். மண்டபத்துல திடீர்னு கொண்டுவந்து நிறுத்தற சினிமா வேலை வேண்டாம், அது அவருக்கும் அவமானம் அவளுக்கும் அவமானம். இந்த வாரமே, காலையில அவர் பேப்பர் படிச்சு முடிச்சதும் போய் நின்னு, "அக்காவ கூப்பிடப் போறேன்ப்பா"ன்னு சொல்லு. கூப்பிடட்டுமான்னு கேக்காத. கத்துவார், இல்ல பேசாம எந்திரிச்சுப் போவார், ரெண்டுக்கும் நீ சாக மாட்ட. வரக்கூடாதுன்னு அவர் வாயால சொன்னார்னா மண்டபம் அவர் விசேஷம், அத நான் மீறச் சொல்ல மாட்டேன், ஆனா நீ ஒலவக்கோட்டுக்குப் போறத அவர் தடுக்க முடியாது, பழத்தட்டோட போ, தனியா போகாம உன் பொண்டாட்டி புள்ளைங்களையும் கூட்டிட்டுப் போ. வரலாம்னுட்டார்னா ஆரத்தி யாரு எடுக்கறதுங்கற சண்டை உங்க வீட்ல வராது, மூத்த பொண்ணு இருக்கா.

அவர் எது சொன்னாலும் போட்டோவுல கை வெக்காத. அது அம்மாவோட தோள், அதுல தீர்ப்பு சொல்ற அதிகாரம், ஜூரிஸ்டிக்ஷன், யாருக்கும் கெடையாது. ஸ்டுடியோவுக்கும் பிரஸ்ஸுக்கும் இன்னிக்கே போன் போட்டு அந்தப் பக்கத்த நிறுத்து, முழுப் போட்டோ போகட்டும், கீழ நிக்கற வரிசைப்படி எல்லார் பேரும், அக்கா பேரும். வார்த்தை ஸ்டெர்ன்னே இருக்கட்டும். எழுத்து மட்டும் கொஞ்சம் பெருசா போடச் சொல்லு, கண்ணாடி இல்லாம அவர் படிக்கணும்.