19-31: வாஷிங்டன் நேஷனல்ஸின் முதல் 50 ஆட்டங்கள் – கேள்வி பதில்

ஏப்ரல், மே மாதங்களில் எனக்கு வருகிற பேஸ்பால் கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான்: "எங்க டீம் அவ்வளவுதானா?" ஒவ்வொரு அணிக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளாது. அதனால் இந்த முறை 2019 வாஷிங்டன் நேஷனல்ஸைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்றேன். முதல் 50 ஆட்டத்தில் 19 வெற்றி, 31 தோல்வி. அக்டோபர் கடைசியில், அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான உலகத் தொடர் கோப்பை. கதையின் முடிவு தெரியும் என்பதால், யாரை வைத்துக்கொண்டார்கள், யாரை அனுப்பினார்கள், எது சரி, எது தப்பு என்று பதற்றமில்லாமல் பேசலாம். நீளமான கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

ஆஷ்பர்ன், வர்ஜீனியாவிலிருந்து ஒருவர்: சார், அந்த 19-31 உண்மையிலேயே மோசமான டீமா, இல்லை நேரம் சரியில்லையா?

பேட்டிங்கில் நேரம் சரியில்லை. புல்பென், அதாவது ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வந்து வீசும் ரிலீவர்கள், உண்மையிலேயே மோசம். இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால் எதுவும் விளங்காது.

முதலில் பேட்டிங். ஏப்ரல் 2-ஆம் தேதி, நேஷனல்ஸை விட்டுப் போன நட்சத்திரம் ப்ரைஸ் ஹார்ப்பர் பிலடெல்ஃபியா சட்டையில் முதல் தடவையாக வாஷிங்டன் வந்து ஆடிய நாள். அரங்கமே அவருக்கு எதிராகக் கூச்சல் போட்டது. எல்லார் கண்ணும் அவர் மேல் இருந்த அதே ஆட்டத்தில் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) டிரே டர்னர், பந்தை மெல்லத் தட்டும் பன்ட் அடிக்கப் போய் ஆள்காட்டி விரலை உடைத்துக்கொண்டார். திரும்பி வர மே நடுப்பகுதி ஆனது. அதற்குள் ஆன்டனி ரெண்டனுக்கு முழங்கையில் பந்து பட்டது, ஹுவான் சோட்டோவுக்கு முதுகுப் பிடிப்பு, ரையன் ஜிம்மர்மேனுக்குப் பாதத்தில் வலி. மே முதல் வாரத்தில் இந்த நான்கு பேரும் ஒரே நேரத்தில் வெளியே. அப்போது ஆடியது காகிதத்தில் இருந்த அணியே இல்லை.

புல்பென்னுக்கு அந்தச் சாக்கு கிடையாது. குளிர்காலத்தில் கையெழுத்துப் போட்டு எடுத்த ஆட்கள்தான் களத்தில் நின்றார்கள், அவர்கள்தான் தோற்றார்கள். சீசன் முடிவில் அந்தப் புல்பென்னின் இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுக்கும் ரன், குறைந்தால் நல்லது) 5.6-ஐத் தாண்டியது. பெரிய லீகின் இரு பாதிகளில் ஒன்றான தேசிய லீகில் அதைவிட மோசம் யாரும் இல்லை.

ஒரு புதிய ரசிகர்: ரிலீவர் ட்ரெவர் ரோசெந்தாலின் இ.ஆர்.ஏ. "முடிவிலி" என்று ஸ்கோர்போர்டில் பார்த்ததாக நண்பன் சொல்கிறான். அது எப்படி?

நண்பன் சொன்னது சரி. ஃபீல்டர்களின் பிழையால் வந்தவை போக, பிட்ச்சர் (பந்து வீசுபவர்) விட்டுக்கொடுத்த ரன்களை, ஒரு ஆட்டத்தின் இன்னிங்ஸ் எண்ணிக்கையான ஒன்பதால் பெருக்கி, அவர் வீசிய இன்னிங்ஸால் வகுத்தால் இ.ஆர்.ஏ. ரோசெந்தால் முதல் நான்கு ஆட்டங்களில் வந்தார், வீசினார், ரன் கொடுத்தார், ஒரு அவுட்கூட எடுக்காமல் போனார். இன்னிங்ஸ் பூஜ்யம். பூஜ்யத்தால் வகுத்தால் என்ன வரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.

ஆள் சாமானியரும் இல்லை. செயின்ட் லூயிஸில் ஆட்டத்தை முடித்துவைக்கும் குளோசராகப் பேர் வாங்கியவர். முழங்கையில் டாமி ஜான் அறுவை செய்து 2018 முழுக்க உட்கார்ந்திருந்தார். அப்புறம் அணிகளுக்கு வீசிக் காட்டியபோது பழைய வேகம் அப்படியே இருந்தது. வாஷிங்டன் 70 லட்சம் டாலர் கொடுத்தது. வேகம் திரும்பிவிட்டது, பந்து எங்கே போகிறது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. ஜூன் 23-ஆம் தேதி அவரை விடுவித்தபோது இ.ஆர்.ஏ. 22.74.

இங்கே ஒரு விஷயம். அடுத்த வருடமே கேன்சஸ் சிட்டிக்கும் சான் டியேகோவுக்கும் வீசி 1.90 என்று முடித்தார். அதற்காக விடுவித்தது தப்பு என்று சொல்ல மாட்டேன். கட்டுப்பாடு திரும்ப ஒரு வருடம் ஆகும் என்றால், அந்த ஒரு வருடத்தை எட்டாவது இன்னிங்ஸில் வைத்துப் பழக முடியாது.

அதே ரசிகர்: அப்படியென்றால் கீழ்நிலை அணிகள் ஆடும் மைனர் லீகுக்கு அனுப்பியிருக்கலாமே?

இளம் வீரர் என்றால் "ஆப்ஷன்" இருக்கும். மூன்று சீசன்கள் வரை கேட்காமலே மேலும் கீழும் மாற்றலாம். பெரிய லீகில் ஐந்து வருட சேவை முடித்தவரை அவர் சம்மதம் இல்லாமல் கீழே அனுப்ப முடியாது. ரோசெந்தால் அந்த ரகம். ஏப்ரல் கடைசியில் வைரஸ் தொற்று என்று காயப் பட்டியலில் சேர்த்தார்கள். அந்தப் பட்டியலில் இருப்பவர் உடம்பைத் தேற்றிக்கொள்ள மைனர் லீகில் வீசலாம், எனவே கொஞ்ச நாள் அவகாசம் கிடைத்தது. திரும்பி வந்தும் மாறவில்லை. ஆப்ஷன் இல்லாத மூத்த ரிலீவர்களை மூன்று நான்கு பேர் வைத்துக்கொண்டு சீசனைத் தொடங்கினால் கை கட்டிப்போட்ட மாதிரிதான். நேஷனல்ஸின் உண்மையான தப்பு இதுதான் என்பேன். ரோசெந்தாலை எடுத்தது அல்ல, அவர் சொதப்பினால் அடுத்து யார் என்று யோசிக்காதது.

எடிசன், நியூ ஜெர்சியிலிருந்து: அண்ணா, கார்ட்டர் கீபூமை அவசரப்பட்டுத்தானே கூப்பிட்டார்கள்? பையன் நொந்துபோனான்.

ஆமாம். டர்னர் விரலை உடைத்துக்கொண்டதும் வில்மர் டிஃபோவை வைத்துச் சமாளித்தார்கள். போதவில்லை. ஏப்ரல் 26-ஆம் தேதி 21 வயது கீபூமைக் கொண்டுவந்தார்கள். முதல் ஆட்டத்திலேயே ஹோம் ரன். ஊரே கொண்டாடியது. கடைசிக் கணக்கு 39 வாய்ப்பில் 5 ஹிட், சராசரி .128, ஷார்ட்ஸ்டாப்பில் வரிசையாகப் பிழைகள். இரண்டு வாரத்துக்குள் திருப்பி அனுப்பினார்கள்.

அனுப்பியதில் எனக்குக் குறையில்லை. 39 பந்தடி வாய்ப்பை வைத்து ஒருவருக்கு அடிக்க வராது என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் தரையில் வந்த பந்துக்குக் கால் வைத்த விதத்தையும், உள்ளே வந்த வேகப்பந்துக்குத் தாமதமாகச் சுற்றியதையும் பார்த்தாலே போதும். எண் பொய் சொல்லலாம், கால் சொல்லாது.

அப்படியானால் எத்தனை ஆட்டத்துக்குப் பிறகு எண்களை நம்பலாம்?

எந்த எண் என்பதைப் பொறுத்தது. பேட்டிங் சராசரியை ஏப்ரலில் பார்க்கவே வேண்டாம். 50 வாய்ப்பில் 12 ஹிட் என்றால் .240, "இவனை உட்கார வை" என்பீர்கள். 15 ஹிட் என்றால் .300, நட்சத்திரம். நடுவில் இருப்பது மூன்று ஹிட். ஷார்ட்ஸ்டாப்பின் கையுறைக்கு மேல் அரை அடி தாண்டிப் போன மூன்று பந்துகள்.

ஸ்ட்ரைக்அவுட் விகிதம் சீக்கிரம் நிலைப்படும். ஒரு மாத ஆட்டத்திலேயே ஓரளவு நம்பலாம். பந்தை எவ்வளவு வேகமாக அடிக்கிறார், பிட்ச்சர் என்றால் வேகம் குறைந்திருக்கிறதா, இவையும் சீக்கிரம் உண்மை சொல்லும். வெற்றி தோல்விக் கணக்கு, இ.ஆர்.ஏ. எல்லாம் கடைசியில்தான்.

இதற்கு நல்ல உதாரணம், ஆட்டத்தைத் தொடங்கி வீசும் தொடக்கப் பிட்ச்சர் அனிபால் சான்செஸ். அந்த வருடம் ஆறு தோல்வி, ஒரு வெற்றிகூட இல்லாமல் தொடங்கினார். 35 வயது. விடுவித்திருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். பொறுத்திருந்தார்கள். 11-8 என்று முடித்தார். அக்டோபரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு எதிராக எட்டாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட் ஆகும் வரை ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை.

அப்போதைய பொது மேலாளர் மைக் ரிஸோவிடம் எனக்குப் பிடித்தது இந்தப் பாரபட்சம்தான். பேட்டர்களிடமும் தொடக்கப் பிட்ச்சர்களிடமும் பொறுமை, ரிலீவர்களிடம் கொஞ்சமும் இல்லை. வழக்கமாக மற்ற அணிகள் இதைத் தலைகீழாகச் செய்யும், அல்லது எல்லாரிடமும் ஒரே மாதிரி கோபப்படும்.

களத்தில் அணியை நடத்திய மேனேஜர் டேவி மார்ட்டினெஸை அப்போதே தூக்கியிருக்க வேண்டாமா?

அந்த மே மாதத்தில் வாஷிங்டனில் பெரும்பாலோர் உங்கள் கட்சிதான். பிட்ச்சிங் பயிற்சியாளர் டெரெக் லில்லிக்விஸ்டை மே 2-ஆம் தேதி நீக்கிவிட்டு, பால் மென்ஹார்ட்டை உட்காரவைத்தார்கள். அடுத்து மேனேஜர்தான் என்று எழுதாதவர் இல்லை.

நியூயார்க் மெட்ஸிடம் நான்கு ஆட்டமும் தோற்ற தொடரைப் பாருங்கள். மே 22-ஆம் தேதி ரஜாய் டேவிஸ் என்ற 38 வயது வீரரை மெட்ஸ் மைனர் லீகிலிருந்து அவசரமாக அழைத்தது. அவர் பென்சில்வேனியாவிலிருந்து ஊபர் பிடித்து, ஆட்டம் தொடங்கிய பிறகு அரங்கத்துக்குள் வந்தார். எட்டாவது இன்னிங்ஸில் மாற்று ஆளாக இறங்கி மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். அடித்தது யார் பந்தை? அந்தப் புல்பென்னில் நம்பக்கூடிய ஒரே ஆளான ஷான் டூலிட்டில் பந்தை. மறுநாள் மார்ட்டினெஸ் நடுவரோடு சண்டை போட்டு, தொப்பியை வீசி, மண்ணை உதைத்து வெளியேற்றப்பட்டார். அன்றும் எட்டாவது இன்னிங்ஸில்தான் தோல்வி. அதோடு 19-31.

அந்த எட்டாவது இன்னிங்ஸில் எந்த மேனேஜர் இருந்தாலும் அதே ஆட்களைத்தான் அனுப்பியிருப்பார். அதனால் தூக்காதது சரி. அதற்குப் பிறகு அணி 74-38.

ஃப்ரீமான்ட்டிலிருந்து ஒரு ஜயன்ட்ஸ் ரசிகை: நாங்கள் வேண்டாம் என்று விட்ட ஹெரார்டோ பாராவை வைத்து நீங்கள் திருவிழா நடத்தினீர்களே!

வயிறு எரிவது புரிகிறது. சான் ஃபிரான்சிஸ்கோ விடுவித்ததும், மே 9 வாக்கில் ரிஸோ எடுத்துக்கொண்டார். ஓரிரு நாளில் லாஸ் ஏஞ்சல்ஸில் கிராண்ட் ஸ்லாம், அதாவது நான்கு ரன் ஹோம் ரன். ஜூனில் ஃபார்ம் இறங்கியபோது, தன் குழந்தைக்குப் பிடித்த "பேபி ஷார்க்" பாட்டைப் போடச் சொல்லி மட்டையோடு நடந்து வந்தார். மொத்த அரங்கமும் கையைச் சுறா வாய் மாதிரி தட்டத் தொடங்கியது. சுமாரான பேட்டர்தான், உண்மையைச் சொன்னால். ஆனால் ஐந்தாவது அவுட்ஃபீல்டரிடம் இதற்கு மேல் எதிர்பார்க்கவும் கூடாது.

ஹார்ப்பர் போனது நல்லதுக்குத்தானா?

அப்படிச் சொல்வது நியாயமில்லை. ஹார்ப்பர் 13 வருடத்துக்கு 33 கோடி டாலருக்கு பிலடெல்ஃபியா போனார், இன்றுவரை நன்றாகவே ஆடுகிறார். ஆனால் அவர் இடத்தில் இளம் அவுட்ஃபீல்டர்கள் சோட்டோவும் விக்டர் ரோப்ளெஸும் குறைந்த சம்பளத்தில் இருந்தார்கள். மிச்சப் பணத்தில் ஒரு பகுதி, 6 வருடத்துக்கு 14 கோடி, இடக்கை பிட்ச்சர் பாட்ரிக் கார்பினுக்குப் போனது. 2019-க்கு மட்டும் என்றால் லாபம். 2021-இலும் 2022-இலும் தேசிய லீகிலேயே அதிகத் தோல்வி அவருக்குத்தான்.

சட்டென்று ஒன்று: அப்போது ரோஸ்டரில் (அணிப் பட்டியலில்) எத்தனை பேர்?

25. இப்போதுள்ள 26 என்பது 2020-இலிருந்து.

இவ்வளவு மோசமான புல்பென்னோடு கோப்பை எப்படி? டெத் ஓவர் போட ஆளில்லாமல் ஐபிஎல் ஜெயித்த மாதிரி இருக்கிறதே!

சரியாகப் பிடித்தீர்கள். பதில்: ஆளே இல்லாமல் ஜெயித்தார்கள். ஜூலை 31-ஆம் தேதி டேனியல் ஹட்சனை வாங்கினார்கள். அவரை மார்ச்சில் ஏஞ்சல்ஸ் விடுவித்திருந்தது, டொரான்டோ எடுத்து வைத்திருந்தது. அக்டோபர் வந்ததும் ஹட்சன், டூலிட்டில் தவிர மற்றவர்களை முடிந்தவரை தொடவே இல்லை. ஓய்வு நாட்கள் அதிகம் என்பதால் தொடக்கப் பிட்ச்சர்களையே நடுவில் இறக்கினார்கள். மில்வாக்கியோடு நடந்த, தோற்றால் வெளியேற வேண்டிய வைல்டு கார்டு ஆட்டத்தில் தொடக்கப் பிட்ச்சர் ஸ்ட்ராஸ்பர்க் ரிலீவராக மூன்று இன்னிங்ஸ். ஹூஸ்டனோடு உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் ஷெர்சர் ஐந்து, கார்பின் மூன்று, ஹட்சன் கடைசி ஒன்று. மூன்றே பேர், கோப்பை. 162 ஆட்டச் சீசனில் இந்த வித்தை செல்லாது, கை கழன்றுவிடும்.

எங்கள் டீமும் இப்போது அதே நிலையில் இருக்கிறது. அப்படியானால் நம்பலாமா?

அந்த நேஷனல்ஸை உதாரணம் காட்டி நம்பாதீர்கள். உங்கள் டீமில் காயம் ஆறித் திரும்ப ரெண்டனும் சோட்டோவும் டர்னரும் இருக்கிறார்களா? ஷெர்சரும் ஸ்ட்ராஸ்பர்க்கும் கார்பினும் வரிசையாக வீசுகிறார்களா? இருந்தால் நம்புங்கள். இல்லையென்றால் அந்த 31 தோல்வி வெறும் 31 தோல்விதான்.

கடைசியாக: கோப்பைக்குப் பிறகு ரெண்டனை விட்டுவிட்டு ஸ்ட்ராஸ்பர்க்கை வைத்துக்கொண்டது தப்புதானே?

இருவருக்கும் அந்த டிசம்பரில் கிடைத்தது ஒரே ஒப்பந்தம்: 7 வருடம், 24.5 கோடி டாலர். ஸ்ட்ராஸ்பர்க் அதற்குப் பிறகு மொத்தம் 8 ஆட்டம் வீசினார். ஏஞ்சல்ஸ் போன ரெண்டன் பெரும்பாலும் காயப் பட்டியலில். அன்றைக்கு என்னிடம் கேட்டிருந்தால் ரெண்டனைத்தான் சொல்லியிருப்பேன். தினமும் ஆடுகிற ஆள், பிட்ச்சரின் தோளைவிடப் பாதுகாப்பு என்பது என் கணக்கு. இரண்டு பேரையும் விட்டுவிட்டு அந்தப் பணத்தைச் சோட்டோவுக்கு எடுத்து வைப்பது என்ற மூன்றாவது வழியை அப்போது யாரும் பேசவில்லை. 2022-இல் அவர் 44 கோடியை வேண்டாம் என்றதும் சான் டியேகோவுக்கு அனுப்பினார்கள். பதிலுக்கு வந்தவர்களில் சி.ஜே. ஏப்ரம்ஸ், மெக்கன்சி கோர், ஜேம்ஸ் வுட் மூவரும் வாஷிங்டனின் முக்கிய வீரர்களானார்கள். அந்த மாற்றத்தைப் பற்றியே ஏழெட்டுக் கேள்வி வந்திருக்கிறது. அடுத்த முறை அதை எடுத்துக்கொள்வோம்.