கன்னி, சிப்பிப்பாறை வளர்ப்பவர்கள் கேட்டவை

கன்னி, சிப்பிப்பாறை போன்ற நம் நாட்டு வேட்டை நாய்களைத் தெருவில் கூட்டிப்போவதில் வரும் சண்டை சச்சரவுகள் பற்றித்தான் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (சென்னை): அண்ணா, எங்கள் சிப்பிப்பாறை லிஃப்டில் ஏறக் கூடாது என்று குடியிருப்பு சங்கத்தில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். நாங்கள் இருப்பது ஆறாவது மாடி.

பதில்: அப்படித் தடை போடக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அதைப் பிரிண்ட் எடுத்து, மாநகராட்சி உரிமம், வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றோடு செயலாளரிடம் கொடுங்கள். ஆனால் நோட்டீஸைக் கிழித்தாலும் பக்கத்து வீட்டுப் பாட்டியின் பயம் போகாது. உள்ளே ஆள் இருந்தால் அடுத்த முறைக்குக் காத்திருங்கள். நாயை மூலையில் சுவரோரமாக நிற்கப் பழக்குங்கள். உட்காரச் சொல்லித் தொந்தரவு செய்ய வேண்டாம். இந்த நெடுங்கால்களுக்கு உட்காருவது அவ்வளவு வசதிப்படாது.

கேள்வி (மதுரை): என் கன்னி கழுத்துப் பட்டையை உருவிக்கொண்டு ஓடி எதிர்வீட்டுக் கோழியைக் கடித்துவிட்டது. தெருவே "வேட்டை நாயைத் துரத்து" என்கிறது. என்ன செய்வது சார்?

பதில்: முதலில் கோழிக்குக் காசு. கேட்கும் முன்பே, பேரம் பேசாமல்.

அடுத்தது பட்டை. இந்த நாய்களுக்குத் தலை குறுகல், கழுத்து அதைவிடப் பருமன். சாதாரணப் பட்டை பின்னால் இழுத்தால் சட்டை மாதிரி கழன்றுவிடும். இழுத்தால் அளவாக இறுகும் 'மார்ட்டிங்கேல்' பட்டை வாங்குங்கள், அகலமானதாக. கூடவே ஒரு மார்புப் பட்டையும் போட்டு இரண்டையும் கையில் பிடிக்கும் வாரில் கோத்துவிடுங்கள். நீண்டு சுருங்கும் வார் வேண்டவே வேண்டாம். ஓடிவந்த வேகத்தில் அது முடியும் இடத்தில் நாயின் கழுத்தும் போகும், உங்கள் விரலும் போகும்.

பயிற்சிக்கு வருவோம். இது மோப்பத்தைவிடக் கண்ணை நம்பும் நாய். கோழியைப் பார்த்ததும் காது நிமிரும், வாய் மூடும், உடம்பு அப்படியே உறைந்துவிடும். அந்த நொடிதான் உங்கள் கையில் இருப்பது. அப்போதே பெயரைச் சொல்லித் திரும்பி நடங்கள். கூட வந்தால் வேகவைத்த ஈரல் ஒரு துண்டு. பாய்ந்த பிறகு கத்துவது தெருவுக்குத்தான் கேட்கும், நாய்க்குக் கேட்காது. கோழி தூரத்தில் இருக்கும்போது தொடங்கி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே போங்கள்.

கேள்வி (கோவை): தெருநாய்கள் சூழ்ந்துகொள்கின்றன. கம்பு எடுத்துப் போகலாமா?

பதில்: கம்பை ஓங்கினால் உங்கள் நாயும் சேர்ந்து மிரளும். தெரு ஆட்களும் பகைப்பார்கள். வழியை மாற்றுங்கள், நேரத்தை மாற்றுங்கள். விடியலுக்கு முன்னால் போனால் தாரும் சுடாது. புறங்கையைத் தரையில் வைக்க முடியாத சூட்டில் நாயும் நடக்கக் கூடாது.

கேள்வி (விருதுநகர்): எங்கள் ஊரில் நேர் எதிர். "முயலுக்கு விடாத கன்னி எதுக்குடா?" என்று மாமா கூட்டத்தில் வைத்துக் கேலி செய்கிறார்.

பதில்: முயல் வேட்டை 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வனத்துறை வந்து நின்றால் மாமா கூட வரமாட்டார், தம்பி. ஓட்டம்தானே வேண்டும்? வேலி போட்ட, பயிரில்லாத நிலத்தில், நீளக் கயிற்றில் பழைய துணியைக் கட்டி இழுங்கள். அதன் பின்னால் அது மடங்கித் திரும்பும் அழகைப் பார்க்க மாமாவே வருவார். ஓடிய உடனே சோறு வைக்காதீர்கள். ஆழ்ந்த மார்புள்ள நாய்களுக்கு வயிறு ஊதி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

கேள்வி (திருச்சி): ராஜபாளையம் குட்டி கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. பயிற்சி தருபவர் இரண்டு அடி போடச் சொல்கிறார்.

பதில்: ஆளை மாற்றுங்கள். தூய வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு. தூங்கும்போது பின்னால் நின்று பாத்திரத்தைத் தட்டிப் பாருங்கள், காது அசைகிறதா என்று. சந்தேகம் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காது கேட்காத குட்டியையும் கைச்சைகையில் அருமையாகப் பழக்கலாம். ஆனால் திறந்தவெளியில் வாரை மட்டும் எப்போதும் அவிழ்க்காதீர்கள்.

கேள்வி (சேலம்): வாய்மூடி போட்டால் பாவம் இல்லையா?

பதில்: கூடை மாதிரி இருக்கும் வாய்மூடி என்றால் இல்லை, அதில் வாய் திறந்து இரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடியும். வாயை இறுக்கிக் கட்டும் துணி வகைதான் கூடாது.